மீட்புக் குழு வந்த வீடு

எழுத உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். அந்தப் பத்தாம் வகுப்பிலும் கணக்கில் கரையேறியது வாத்தியாரின் இரக்கத்தால். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க வராது. கல்யாண வீட்டில் இன்னும் கொஞ்சம் பாயசம் வேண்டுமென்றால்கூட, வாளிக்காரர் தானாக என் பக்கம் திரும்பும்வரை இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் திரும்ப மாட்டார். அப்படிப்பட்டவன் பேனாவைத் தூக்கியதற்குக் காரணம் முடிவெட்டுகிற ஒருவர். தயவுசெய்து எங்கள் இருவரையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நெய்யாற்றின்கரைக்கு ஒரு காரியமாகப் போனவன், கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு பழைய சலூனைக் கண்டு உள்ளே போனேன். இப்போதெல்லாம் கடைக்குள் போனால் தலைக்கு என்னென்னவோ தடவி, முகத்துக்குப் பாடை கட்டுவதுபோல் துணி போட்டு, ஆளைப் பயமுறுத்துகிறார்கள். இவர் அப்படி இல்லை. வெட்டி முடித்ததும் பழைய வழக்கப்படி பஞ்சுருண்டையால் பிடரியில் டால்கம் பவுடர் ஒற்றினார். ஒரு புகைபோல அது எழும்பி மூக்கில் ஏறியது. தும்மினேன்.

“ஜலதோஷமா சேட்டா?” என்றார்.

“இல்ல, பாராச்சூட்” என்றேன்.

அவர் துண்டை உதறிக்கொண்டு ஓரடி பின்வாங்கினார். மீதிச் சில்லறையைக்கூடச் சற்றுத் தள்ளி நின்றுதான் கொடுத்தார்.

உங்களுக்கு அந்த வாசனை குழந்தைகளையோ, கல்யாண வீட்டையோ நினைவுபடுத்தலாம். எனக்கு ராக்கெட்தான். பிளாஸ்டிக் பாராச்சூட்டை மடிப்பதற்கு முன் பவுடர் தூவ வேண்டும். இல்லாவிட்டால் மழைக்கால ஈரத்தில் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மேலே போய் விரியாது. இதை நான் எங்கே கற்றேன் என்பதுதான் கதை.

அந்த நாளில் பாறசாலைச் சந்திப்பில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வேலை பார்த்தேன். வளையல், சார்ட் பேப்பர், தெர்மோகோல், ஓணத்துக்குப் பிளாஸ்டிக் பூ, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம். முதலாளி பெயர் சுகுமாரன். பேசத் தெரியாத ஒருவனை விற்பனைக்கு வைத்துக்கொண்டதிலிருந்தே அவருடைய வியாபார அறிவை நீங்கள் ஊகிக்கலாம். அவர் கேரளத் தலைநகரத்தில் ஏதோ கண்காட்சிக்குப் போனவர், ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய மாதிரி ராக்கெட் கிட்டுகளோடு திரும்பி வந்தார்.

“எலே, ராக்கெட்டு விடுத நாட்டில ராக்கெட்டு விக்காதா?” என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தலைநகரத்தில் ராக்கெட் செய்கிறார்கள், எங்கள் பக்கத்திலிருந்து தினம் காலை ரயிலில் அங்கே வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டவரும் ஊரில் வந்து இறங்கினால் சயின்டிஸ்ட்தான். பெண் வீட்டார் வேறு எதுவும் விசாரிக்க மாட்டார்கள். ஆனால் இவர்களில் ஒருவரும் கிட்டு வாங்கவில்லை. வாங்க வந்த மற்றவர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி.

“இது எத்தன வட்டம் பொட்டும்?”

ஒரு தடவையும் பொட்டாது, இது வெடி இல்லை, மேலே போய்விட்டுத் திரும்ப வரும் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்வேன்.

“திரும்ப வருமா? பின்ன எதுக்கு விடணும்?”

நான் பெட்டியை மூடி மறுபடி அலமாரியில் வைப்பேன்.

யாரும் வாங்காததால் படிக்க நேரம் இருந்தது. கிட்டுக்குள் இருந்த ஆங்கிலத் தாளை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். அட்டைக்குழாய், மெல்லிய மரத்தில் சிறகு, பிளாஸ்டிக் மூக்கு. மேலே போவதைப் பற்றி ஒரு பக்கம்தான் எழுதியிருந்தான். கீழே வருவதைப் பற்றி மீதிப் பக்கமெல்லாம். எப்படி இறங்க வேண்டும் என்பதற்குத்தான் அத்தனை சாமான்களும். சின்ன ராக்கெட்டுக்கும் நெருக்கமான இடத்துக்கும் ஒரு நீளமான நாடா போதும். அது படபடத்துக்கொண்டு சீக்கிரம் விழும், தூரம் போகாது. அதற்கு மேல் சின்ன பாராச்சூட். அதற்கும் மேல் பெரிய பாராச்சூட். மெதுவாக இறங்கும், ஆனால் காற்று எங்கே கூப்பிடுகிறதோ அங்கே போகும். விவரமாகப் படமும் போட்டிருந்தான். படத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லாத புல்வெளி. எங்கள் பக்கத்தில் மரமில்லாத இடம் என்றால் ரயில் தண்டவாளம் ஒன்றுதான். அதுவும் ரயில் அடிக்கடி வருவதால்தான் அப்படி இருக்கிறது.

மூக்கையும் குழாயையும் பிணைக்க ஒரு ரப்பர் கயிறு வேண்டும். பாராச்சூட் வெளியே தள்ளப்படும்போது அந்த இழுப்பை அதுதான் தாங்கும். கிட்டில் வந்த வெளிநாட்டு ரப்பர் பெட்டிக்குள்ளேயே காய்ந்து வெடித்துப்போயிருந்தது. ஆரியங்கோட்டுப் பக்கம் போனால் மரத்துக்கு மரம் ரப்பர் பால் வடிகிறது. நாங்கள் ஒரு முழம் ரப்பருக்கு வழியில்லாமல் விழித்தோம். கடைசியில் பக்கத்துத் துணிக்கடையில் ஜட்டிக்குத் தைக்கிற எலாஸ்டிக் வாங்கினேன். பிரமாதமாக இருந்தது. விண்வெளி அறிவியலுக்கு என் பங்களிப்பு என்று ஏதாவது இருந்தால் அது இந்த எலாஸ்டிக்தான்.

இப்படி ஒரு கிட்டும் விற்காமல் ஜூன் பிறந்தது. மழையோடு லில்லி டீச்சரும் கடைக்குள் வந்தார்.

லில்லி டீச்சர் கொல்லயில் பக்கம் ஒரு எய்டட் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் ஒன்றாம் வகுப்பு டீச்சர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கிராமங்களில் வீட்டில் பேசுவது தமிழா மலையாளமா என்று கேட்டால் வீட்டிலிருப்பவர்களே யோசிப்பார்கள். அம்மையிடம் தமிழ், பஸ் கண்டக்டரிடம் மலையாளம், மாட்டிடம் இரண்டும். ஆனால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது மட்டும் யாருக்கும் குழப்பம் வராது, நேராக இங்கிலீஷ் மீடியம். அந்தப் பள்ளியிலும் தமிழ் வகுப்புக்குப் பக்கத்து அறையில் இங்கிலீஷ் மீடியம் நிரம்பி வழிந்தது. பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலையெண்ணிக்கை எடுப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் டிவிஷன், அதாவது அந்த வகுப்பே, போய்விடும். டிவிஷன் போனால் டீச்சருக்கும் வேலை இல்லை. அவருடைய நியமனமே இன்னும் உறுதியாகியிருக்கவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கியும் ஒரு பிள்ளை குறைந்தது. ஆறாவது நாள் வரப்போகிற திங்கட்கிழமை.

“ஒரே ஒரு தல போதும் அண்ணா” என்றார் டீச்சர் என்னிடம். “கழுத்துக்கு மேல இருந்தா சரி. மிச்சத்த நான் பாத்துக்கிடுவேன்.”

அதற்காகத்தான் ராக்கெட். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்து, ஆட்கள் சும்மா இருக்கும் சாயங்காலத்தில் பள்ளி மைதானத்தில் ராக்கெட் விடுவது. தமிழ் வகுப்புப் பிள்ளைகள்தான் விடுவார்கள். பார்க்கிற பெற்றோரில் ஒருவருக்காவது மனது அசையாதா என்று டீச்சர் கணக்குப் போட்டார்.

கிட்டு எடுத்தாயிற்று. இறக்குவதற்கு எது என்ற பேச்சு வந்தது. நான் நாடாவை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“இது... சீக்கிரம்... மரத்தில...” என்றேன். என் மட்டில் அது முழு வாக்கியம்.

“நாடாவா? ஆளுவ அண்ணாந்து பாக்கதுக்குள்ள விழுந்து கெடக்குமே. இதக் கண்டு எவன் பிள்ளயச் சேப்பான்?” டீச்சர் பெரிய பாராச்சூட்டைப் பிரித்து விரித்தார். ஆரஞ்சும் வெள்ளையும். “இது கொள்ளாம், நல்லாருக்கு.”

“காத்து...” என்றேன்.

“காத்து உண்டானா நல்லதுதானே. நெறைய நேரம் நிக்கும்.”

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். பெரிய பாராச்சூட்தான் வேண்டுமென்றால் நடுவில் வட்டமாக ஒரு துளை வெட்டிவிடலாம், கொஞ்சம் வேகமாக இறங்கும், ரொம்ப தூரம் போகாது என்று தாளில் படித்திருந்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது, “ஓட்ட...” என்பது மட்டும்.

“புதுசிலயா?” என்றார் டீச்சர்.

“எலே, வாங்குத ஆளு சாமானத்தில நீ எதுக்கு ஓட்ட போடுத?” என்றார் முதலாளி கல்லாவிலிருந்து. “டீச்சரே, இவன் கொஞ்சம் பேசமாட்டான். வேணுமானா ஞாயிற்றுக்கெழம கூட்டிட்டுப் போங்க. பெட்டியோட சேந்ததாக்கும்.”

இப்படி நானும் கிட்டோடு விற்கப்பட்டேன்.

டீச்சருக்கு எல்லாம் தமிழில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நெஞ்சில் குத்த சார்ட் பேப்பரில் வில்லை வெட்டி எழுதித் தரச் சொன்னார். என் கையெழுத்து என் பேச்சைப்போல் இல்லை, நன்றாகவே இருக்கும். பொத்தான் அழுத்துகிறவர்களுக்கு ‘ஏவு குழு’. விழுந்ததை எடுத்து வருகிறவர்களுக்கு என்ன? தாளில் இருந்த சொல்லை அகராதியில் தேடினேன். ‘மீட்பு’ என்று போட்டிருந்தது. பெரிய எழுத்தில் ‘மீட்புக் குழு’ என்று சிவப்பு மையில் எழுதினேன். அகராதியைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு எங்கள் ஊரைத் தெரியாது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை பெய்த மழை, நாங்கள் வருவதைப் பார்த்து நின்றது. மேற்கிலிருந்து காற்று மட்டும் நிற்கவில்லை. கூட்டம் பரவாயில்லை. தலைமையாசிரியர் தமிழின் பெருமையைப் பற்றி மலையாளத்தில் பேசினார். நான் ஒரு பெஞ்சுக்கு அடியில் குனிந்து பாராச்சூட்டுக்குப் பவுடர் போட்டு மடித்தேன். சூடு படாமல் இருக்க அதற்குக் கீழே திணிக்கிற தனிக் காகிதம் பெட்டியில் தீர்ந்துபோயிருந்தது. முதலாளி அதில் வளையல் பொதிந்து கொடுத்திருந்தார். பதிலுக்கு வாழையிலையைக் கிழித்துத் திணித்தேன். நல்ல வேளை, அது போதுமாக இருந்தது.

ராக்கெட் போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சீறியது, காணோம். பிறகு மேலே சின்னதாக ஒரு சத்தம். ஆரஞ்சும் வெள்ளையும் விரிந்தது. அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். டீச்சர் சொன்னது சரி, நிறைய நேரம் நின்றது. நின்றதோடு நடக்கவும் தொடங்கியது. மைதானத்தைத் தாண்டியது. வாழைத்தோட்டத்தைத் தாண்டியது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள், பின்னால் நாங்கள் ஓடினோம்.

“எலே, அது பார்டர் தாண்டுதுலே” என்று யாரோ சொன்னார்கள்.

தாண்டிவிட்டது. கேரளத்தில் தமிழ் டிவிஷனைக் காப்பாற்றப் புறப்பட்ட ராக்கெட், நேராகத் தமிழ்நாட்டுக்கே போய்விட்டது. மொழிப்பற்று என்றால் அது.

எல்லை என்றால் நீங்கள் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாய்க்கால், ஒரு மூங்கில் புதர், சாய்ந்த ஒரு கல். தினம் பால் வாங்கவும் ரேஷன் மண்ணெண்ணெய் கைமாற்றவும் எல்லாரும் அதைத் தாண்டுவார்கள். ஆனால் அன்றைக்கு அந்த இடம் வந்ததும் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். பள்ளியில் காப்பியும் வடையும் கொடுக்கப் போவதாக மைக்கில் அறிவிப்பு கேட்டதுதான் காரணம். கடைசியில் வாய்க்காலைத் தாண்டியது இரண்டு பேர், டீச்சரும் நானும். டீச்சர் வெள்ளைச் சேலை. நான் வெள்ளைச் சட்டை. பிள்ளைகளுக்கு உற்சாகம் வரட்டும் என்று எங்கள் இருவர் நெஞ்சிலும் டீச்சர் சிவப்பு மை வில்லையைக் குத்தியிருந்தார்.

வீட்டுக்காரர் பெயர் ஞானதாஸ் என்று பிறகு தெரிந்தது. முற்றத்து நாற்காலியில் ஒரு பழைய மிஷன் கோயில் பஞ்சாங்கத்தால் விசிறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் விசிறல் நின்றது. கண் முதலில் டீச்சர் சேலையில், பிறகு என் சட்டையில், கடைசியாக வில்லையில் நின்றது. வீடு வீடாக ஜெபிக்க வருகிற சபைக்காரர்களும் எங்கள் பக்கத்தில் வெள்ளைதான் உடுத்துவார்கள்.

“நாங்க... மீட்புக்கு...” என்று நான் தொடங்கினேன். எப்போதும் பேசாதவன் அன்றைக்கு முந்திக்கொண்டேன்.

“காணுதே. எழுதி ஒட்டியிருக்கே” என்றார். “இஞ்ச பாரு தம்பி. எங்க அப்பன் மீட்கப்பட்டவரு. நானும் மீட்கப்பட்டாச்சு. இந்த வீட்டில இனி மீட்கப்பட பாக்கி ஒள்ளது அந்தக் கோழியாக்கும். அதுக்கு ஜெபிக்கணுமானா ஜெபிச்சிட்டுப் போங்க.”

“அய்யோ, நாங்க அதில்ல அண்ணாச்சி” என்றார் டீச்சர். “எங்களுக்க ஒரு சாமானம் ஒங்க தென்னையில...”

“தென்னையிலயா? போன வாரம் வந்த கூட்டம் வாசல் வழியாத்தான் வந்தாவ.”

“இது மேலேருந்து வந்தது.”

“மேலேருந்து வந்தோம்னுதானே பிள்ளே எல்லாரும் சொல்லுதீங்க.”

நான் வாயைப் பொத்திக்கொண்டு கையை மட்டும் உயர்த்திக் காட்டினேன். அவர் அதையும் ஜெபம் என்று நினைத்துச் சிறிது நேரம் கண்ணை மூடினார். பிறகு ஒரு கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். வீட்டோரத் தென்னையின் கொண்டையில், ஓலைகளுக்கு நடுவே, ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பாராச்சூட் உட்கார்ந்திருந்தது. அதன் கீழே ராக்கெட் என் எலாஸ்டிக்கில் ஆடிக்கொண்டிருந்தது.

“தாத்தா, நான் சொன்னேம்லா? கொட விழுந்ததுன்னு” என்றது ஒரு குரல். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி வந்தாள். இரட்டைச் சடை, முன்பல் இல்லை.

டீச்சர் தென்னையை மறந்துவிட்டார். எனக்கு அப்போதே தெரிந்தது. சாமான் வாங்க வருகிறவர்கள் தேடிய நிறத்தில் வளையலைக் கண்டால் அப்படித்தான் பார்ப்பார்கள்.

“மக்கா, பேரு என்ன?”

“ஜெபா.”

“எந்த ஸ்கூல்ல படிக்க?”

“எங்கயும் இல்ல” என்றார் ஞானதாஸ். “மகளும் மருமகனும் வளைகுடாவில. நாந்தான் பாத்துக்கிடுதேன். வேனு வருத ஸ்கூலு பாக்கணும்னு இருக்கேன். ஒரு மழ விடட்டும்னு...”

டீச்சர் வாசற்படியில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். தமிழ் வகுப்பு, வாய்க்காலைத் தாண்டினால் பள்ளி, பிள்ளைக்குச் சொந்த மொழியில் படிப்பு, பிள்ளைகளே ராக்கெட் விடுவது, நாளைக்குக் கடைசி நாள். ஒன்றையும் விடவில்லை. ஞானதாஸ் நன்றாகக் கேட்டார். நடுநடுவே அண்ணாந்து ராக்கெட்டைப் பார்த்தார். கேள்வி கேட்டது ஒரே தடவை, அதுவும் என்னிடம்.

“தம்பி, அதில என்னமோ எழுதியிருக்கே. இங்கிலீசா?”

“ஆமா” என்றேன். “கூட உள்ள தாளும் இங்கிலீஷ்தான். அதப் படிச்சாத்தான் கட்ட முடியும்.”

என் வாழ்க்கையில் அந்நியர் ஒருவரிடம் தடங்கலில்லாமல் சொன்ன முதல் வாக்கியங்கள் அவைதான் என்று நினைக்கிறேன்.

“ம்” என்றார் அவர். பிறகு டீச்சரைப் பார்த்து, “நாளைக்குக் காலத்த பிள்ளயக் கொண்டு வாறேன். ஒங்க ஸ்கூலுதான். ஒறப்பாக்கும்” என்றார். தென்னையில் ஏறுகிறவன் அடுத்த தேங்காய் வெட்டுக்குத்தான் வருவான், சாமானம் பத்திரமாக இருக்கும் என்றும் சொன்னார். ஜெபா தனக்கும் ஒரு வில்லை வேண்டும் என்றாள். நான் என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். மீட்புக் குழு என்று சட்டையில் குத்திக்கொண்டு அந்தக் கோழியைத் துரத்தினாள்.

திரும்பி வாய்க்காலைத் தாண்டும்போது டீச்சர் சிரித்துக்கொண்டே வந்தார். “அண்ணா, ஒங்க சொல்லு தப்பில்ல. மீட்பு நடந்தாச்சு” என்றார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். செருப்பில் சேறு ஒட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்ஃபோனுக்குக் கவர் விற்கிறார்கள். விற்கிற பையன் நன்றாகப் பேசுகிறான், நான் அந்தப் பக்கம் போவதில்லை. சுகுமாரன் முதலாளி மீதிக் கிட்டுகளை ஒரு ஓணத்துக்கு வளையலோடு இலவசமாகக் கொடுத்தார். அதிலும் சிலது திரும்பி வந்தது. பள்ளி மைதானத்தின் ஓரத்தில் வீடுகள் வந்து, நடுவில் பந்து விளையாடக்கூட அனுமதி கேட்க வேண்டும் என்கிறார்கள். வாய்க்காலுக்கு மேல் சிமென்ட் பலகை போட்டு, எல்லைக்கல்லைத் தோண்டி ஓரமாகச் சாய்த்துவிட்டார்கள். வீடு வீடாக நடந்து வந்து மீட்கிறவர்களும் குறைந்துபோனார்கள், இப்போது எல்லாம் ஃபோனில் அனுப்பிவிடுகிறார்கள், தும்மக்கூட நேரம் தராமல். தென்னை ஏறுகிறவன் அடுத்த வெட்டுக்கு வரவில்லை. பாராச்சூட் கொண்டையிலேயே வெளுத்துக் கிழிந்தது. கடைசியாக நான் ஞானதாஸ் வீட்டுப் பக்கம் போனபோது எலாஸ்டிக் மட்டும் ஓலையில் தொங்கியது. நல்ல எலாஸ்டிக்.

மறுநாள் ஞானதாஸ் சொன்னபடியே வந்தார். மணியடிப்பதற்கு முன்னாலேயே, நல்ல மழையில், பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். ராக்கெட் படிக்கணுமானா இங்கிலீஷ் வேணுமில்லியா என்று ஆபீசில் சொல்லி, பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தார். மத்தியானத்துக்குள் தலையெண்ணிக்கை முடிந்தது. தமிழ் டிவிஷனில் அப்போதும் ஒன்று குறைந்தது.